ஐந்தாவது பெயர்

நான் நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக வேலை பார்த்தவள். நீதிபதி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் அடித்து, அவர் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. திண்டுக்கல்லில் எந்த நீதிமன்றம் என்று சொல்லப் போவதில்லை. யாருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதுமில்லை. பெயர்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்று அங்கே போய்ச் சேர இருந்த நேரத்தில் நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். என் தட்டச்சில் ஒரு பிழை கண்டுபிடித்துக் காட்டுகிறவருக்குப் பிரியாணி வாங்கித் தருவேன் என்று அலுவலகத்தில் சவால் விட்டிருந்தேன். அத்தனை வருட வேலையில் இரண்டே தடவைதான் வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒன்று நீதிபதி வாயில் வந்த பிழை. அது என் கணக்கில் சேராது என்று இன்றைக்கும் சண்டை போடுவேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் என்னைக் கண்டால் பயப்படுவார்கள். பயப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதுவரை நான் அடித்த கொலை வழக்குகளில், கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் அநேகமாக ஒரே ரேஷன் கடையாகத்தான் இருக்கும். வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், பெண் விவகாரம், கோயிலில் முதல் மரியாதை. கொன்றவனைக் கேட்டால், செத்தவனுடைய அப்பா எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பது வரை சொல்வான். அவ்வளவும் தெரிந்துதான் வெட்டியிருப்பான்.

இந்த வழக்கு அப்படி இல்லை. ஒட்டன்சத்திரம் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம். அங்கே இருந்த டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒருவன் ஒரு பையை வைத்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட நேரம் தாண்டி. குண்டு வெடித்து ஐந்து பேர் செத்தார்கள். வைத்தவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எந்த இயக்கம், எந்தச் சாமி, எந்தக் கொள்கை என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் ‘அதானே பார்த்தேன்’ என்று தலையாட்டிவிட்டு மேலே படிக்க மாட்டீர்கள். மீதிப் பேருக்கு என்மேல் கோபம் வரும். இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அவனைப் பத்தாம் நாளே பிடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஜாமீன் கேட்டு அவன் போட்ட மனு எங்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. அதைத் தள்ளுபடி செய்த உத்தரவை அடித்தது நான்தான். அதில் இறந்த ஐந்து பேரின் பட்டியல் இருந்தது. ஒரு கல்லூரி மாணவன், டீக்கடைக்காரர், கல்யாணத்துக்காகக் கீரனூரிலிருந்து கிளம்பி வந்த கணவன் மனைவி. ஐந்தாவதாக, ‘சுமார் முப்பது வயது மதிக்கத்தக்க, அடையாளம் தெரியாத பெண்.’ அன்றைய தேதிக்கு அது சரியான தகவல்.

அந்தப் பெண் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். அம்மாவிடம் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பியிருக்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று கம்பெனி விடுதியில் நினைத்தார்கள். கம்பெனியில் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தார். போனும் குண்டில் சிதறிப் போயிருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, மகளை அடையாளம் காட்டினார். அதற்குப் பிறகு வந்த காகிதங்களில் எல்லாம் பெயர் ஏறிவிட்டது. என்னுடைய பழைய உத்தரவு மட்டும் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது.

வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அந்த அம்மா ஒரு வாய்தா விடாமல் வந்தார். விடிகாலையில் தோட்டத்தில் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு, குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு முதல் பஸ் பிடிப்பார். நீதிமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. மதியம் நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவேன். ஒரு நாள் அவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

“தாயி, செத்த நேரம் இங்கன உக்காந்துக்கிரவா? உள்ள பூரா ஆம்பளையாளா இருக்காக” என்றார்.

“உக்காருங்கக்கா. பெஞ்சு என்ன எங்கப்பன் வீட்டுதா?” என்றேன்.

அப்படிப் பழக்கமானோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு ஒரு முழம் பூ கொண்டுவருவார். நான் தலையில் வைப்பதில்லை. என் மேசையில் இருக்கும் மாதா படத்துக்குப் போடுவேன். அவருக்கு அதில் வருத்தமில்லை. “ஆத்தாளுக்குத்தான போடுற” என்பார். மகளைப் பற்றி நிறையச் சொல்வார். அவளுக்குக் கத்தரிக்காய் வெஞ்சனம் பிடிக்காது, சம்பளம் வாங்கியதும் தம்பிக்குச் சட்டை வாங்குவாள், நடந்தால் கொலுசு வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் பேசுவார். அந்தப் பெயர் எனக்கு என் அக்கா மகள் பெயர் போலப் பழகிவிட்டது.

நீதிமன்றத்தில் டவாலி என்று ஒருவர் இருப்பார். வழக்கு எடுத்ததும் வாசலில் வந்து நின்று, சம்பந்தப்பட்டவர்களின் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவார். தன் பெயரைக் கேட்டதும் ஆட்கள் எழுந்து நிற்பார்கள், உள்ளே ஓடுவார்கள். அந்த அம்மா அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் சோற்றுக்கு நடுவில் கேட்டார்.

“தாயி, குண்டு வச்சவன் பேர மூணு தடவ கூப்புடுறாக. சாட்சி சொல்ல வந்தவுக பேர மூணு தடவ கூப்புடுறாக. என் மக பேர மட்டும் ஒருத்தரும் கூப்புடல. செத்தவுகளக் கூப்புட மாட்டாகளா?”

“கூப்பிட மாட்டாங்கக்கா. வர வேண்டியவங்களைத்தான் கூப்பிடுவாங்க. ஆனா தீர்ப்புல பேரு வரும். ஜட்ஜய்யா எல்லார் முன்னாடியும் படிப்பாரு.”

“நெசமாவா?”

“நான்தான அடிக்கப் போறேன்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் காத்திருந்தது அதற்காகத்தான். தூக்கா, ஆயுளா என்று மற்றவர்கள் பேசிக்கொள்ளும்போது அவர் அதில் கலந்துகொள்வதில்லை. “அய்யா என் மக பேரச் சொல்லட்டும். எனக்கு அம்புட்டுத்தான் வேணும்” என்பார்.

எங்கள் நீதிபதி பழனிக்கு மேற்கே பிறந்தவர். அதிகம் பேசாதவர். கூண்டில் நிற்கிறவனையும் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுவார். கொலைகாரனுக்கு என்ன மரியாதை என்று வக்கீல்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

குற்றம் நிரூபணம் ஆகிவிட்டது என்று அறிவித்த நாளில், வழக்கப்படி அவனிடம் கேட்டார்: “தண்டனை குறித்து என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?” இந்தக் கேள்விக்கு வரும் பதில் எனக்கு மனப்பாடம். வயதான தாயார், சின்னக் குழந்தைகள், குறைந்த தண்டனை கொடுங்கள். பாதிப் பதிலை நான் முன்கூட்டியே அடித்து வைத்திருப்பேன். இவன் அதைச் சொல்லவில்லை.

“செத்தவங்க யாரையும் எனக்குத் தெரியாதுங்கய்யா. அவங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது” என்றான். குரலில் திமிர் இல்லை. அதை ஒரு நியாயமாகத்தான் சொன்னான். நீதிபதி அதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு தண்டனையை இரண்டு நாள் தள்ளிவைத்தார்.

அடுத்த நாள் மதியம் தன் அறையில் உட்கார்ந்து தண்டனைத் தீர்ப்பை எனக்குச் சொன்னார். தீர்ப்பு தமிழில்தான் இருக்க வேண்டும், செத்தவர்களின் குடும்பங்களுக்குப் புரிய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தண்டனைப் பகுதியின் ஆரம்பத்திலேயே இறந்த ஐந்து பேரையும் குறிப்பிட வேண்டும் என்றார். “பேரு, வயசு, ஊரு, என்ன வேலை, எல்லாம் வந்துரோணுங்க. விவரம் கோப்புல இருக்குது, எடுத்துப் போட்டுக்கங்க” என்றார். சரிங்கய்யா என்றேன்.

அன்று சாயங்காலம் எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாவின் தேர்ப் பவனி. ஐந்தரைக்குள் கிளம்பினால்தான் தேர் தெருவைத் தாண்டுவதற்குள் போய்ச் சேர முடியும். கோப்பு மூன்று கட்டு. அவிழ்த்து, பக்கம் தேடி, ஒவ்வொன்றாக அடிக்க நேரமாகும். கம்ப்யூட்டரில் என்னுடைய பழைய ஜாமீன் உத்தரவு இருந்தது. பட்டியல் அதில் சுத்தமாக இருந்தது. நான் அடித்ததாயிற்றே, பிழை இருக்குமா என்ன? அப்படியே எடுத்து இங்கே போட்டேன். ஒரு தடவை கண்ணை ஓட்டினேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தேர் பார்க்கப் போனேன். நல்ல கூட்டம். பாட்டெல்லாம் பாடினேன்.

தண்டனை நாளன்று உள்ளே நிற்க இடமில்லை. அந்த அம்மா பின்வரிசையில், சுவரோரமாக இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், பெருமையாக.

நீதிபதி படிக்க ஆரம்பித்தார். மாணவனின் பெயர், வயது, எந்தப் படிப்பு. டீக்கடைக்காரரின் பெயர். கீரனூர்த் தம்பதியின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு ஐந்தாவது வரிக்கு வந்தார்.

“சுமார் முப்பது வயது மதிக்கத்தக்க, அடையாளம் தெரியாத பெண்.”

படித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எனக்கு முதல் சொல்லிலேயே உறைத்துவிட்டது. எழுந்து சொல்லலாமா என்று நினைத்தேன், எழவில்லை.

பின்வரிசையில் அந்த அம்மா எழுந்து நின்றார். பெண் போலீஸ் அவர் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

“சொல்லுங்கம்மா.”

“அய்யா, அவ என் மக. அவளுக்குப் பேரு இருக்குய்யா.” அழவில்லை. பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். “பனியன் கம்பெனில டெய்லருங்கய்யா” என்றார். நீதிபதி கேட்டிருந்த விவரம் அத்தனையும், அவர் கேட்ட வரிசையிலேயே.

நீதிபதி பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடிட்டு அடித்தார். அம்மா சொன்னதை ஓரத்தில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு என் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “நீதிமன்றம் தவறு செய்துவிட்டது அம்மா. தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.” அந்தப் பெயரை அவரே தெளிவாக, சத்தமாக ஒரு தடவை படித்தார். அம்மா உட்கார்ந்தார்.

அதன் பிறகு நீதிபதி காகிதத்தைப் பார்க்கவில்லை. நான் அடித்து வைத்திருந்த மூன்று பக்கமும் மேசைமேல் கிடந்தது. கூண்டில் நின்றவனைப் பார்த்துப் பேசினார். என் கை தானாகச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டே போனது.

“செத்தவர்களை எனக்குத் தெரியாது, அவர்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னீர்கள். அதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாகச் சொன்னீர்கள். இந்த நீதிமன்றத்தில் கோபத்தில் கொலை செய்தவர்கள் நிறையப் பேர் நின்றிருக்கிறார்கள். அவர்கள் கொன்றது ஒரு ஆளை. நீங்கள் அந்தப் பெஞ்சுக்கு அடியில் பையை வைத்தபோது அங்கே உங்களுக்கு ஆளே தெரியவில்லை. அங்கே இருந்த ஐந்து பேரும் உங்களுக்கு அடையாளம் தெரியாதவர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றுதான் அந்த இடத்தையும் தேர்ந்தெடுத்தீர்கள். உங்கள் குற்றத்தில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அதுதான். சற்றுமுன் இந்த நீதிமன்றமும் அந்த ஐந்து பேரில் ஒருவரைப் பற்றி உங்களைப் போலவே ஒரு வரி எழுதிவிட்டது. அதை நான் திருத்திவிட்டேன். நீங்கள் செய்ததைத் திருத்த இந்த நாட்டில் எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.”

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

“அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்கிறது. உங்களுக்கு அவர்களைத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும். நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள், யார் உங்களை வளர்த்தார்கள் என்று இத்தனை வருடமாகப் படித்திருக்கிறேன். தெரிந்த ஒரு மனிதரின் உயிரைப் பற்றி எழுதும்போது கை நடுங்க வேண்டும். எனக்கு நடுங்குகிறது. ஆயுள் முழுவதும் சிறையில் இருப்பீர்கள். அந்த ஐந்து பெயர்களும் இந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. நகல் உங்களுக்கும் கிடைக்கும். படியுங்கள்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வருந்தினானா, சும்மா குனிந்தானா, எனக்குத் தெரியாது. தூக்குப் போட்டிருக்க வேண்டும் என்றுதான் அன்று நான் நினைத்தேன். ஆனால் அதை முழுசாக நினைக்கக்கூட என்னால் முடியவில்லை. அவனுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன வெஞ்சனம் பிடிக்காது என்பது வரை தெரியும்.

மதியம் அலுவலகத்தில் எல்லோரும் போலீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். “ஒரு பட்டியல ஒழுங்காக் குடுக்கத் தெரியல பாருங்க மேடம்” என்றார் பெஞ்ச் கிளார்க். நான் வாயைத் திறக்கவில்லை. பிரியாணி என்று யாரும் பேசவில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நீதிபதியின் அறைக்குப் போய் நின்றேன். “அய்யா, பழைய உத்தரவிலேர்ந்து எடுத்துப் போட்டுட்டேன். என் தப்பு” என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நானும் காலைல ஒரு தடவை பார்த்தேனுங்க. எனக்கும் தெரியல. கையெழுத்துப் போடறவன்தான் பொறுப்பு” என்றார். கோப்பை மூடினார். “நான் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேனுங்க” என்றார். நீங்கள் கேட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்டது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பங்குச் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘அருள்நிறை மரியே’ ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். போதவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா தீர்ப்பின் நகல் வாங்க வந்தார். நகல் பிரிவில் வாங்கி நானே எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். அன்றைக்கும் ஒரு முழம் பூ கொண்டுவந்திருந்தார். அதை வாங்க எனக்குக் கை நீளவில்லை. பக்கத்தைத் திருப்பி ஐந்தாவது வரியைக் காட்டினேன். இந்த முறை கோப்பை அவிழ்த்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்திருந்தேன். அவர் விரலை வைத்து மெதுவாக எழுத்துக் கூட்டினார்.

“அக்கா, அன்னைக்கு அப்படி வந்தது போலீஸ் பண்ணின தப்பு இல்ல. நான் பண்ணினது. எங்க கோயில் தேரு பாக்கப் போகணும்னு அவசரத்துல பழசைத் தூக்கிப் போட்டுட்டேன். உங்க மக பேரு எனக்குத் தெரிஞ்சும்.”

விரல் அந்த வரியிலேயே இருந்தது. காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தயாராக இருந்தேன்.

“நீயாச்சும் அவசரத்துல போட்ட தாயி. நான் சும்மாதான உக்காந்திருந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“அன்னைக்கு ராத்திரி டிவில காட்டுனாக. அஞ்சு பேரு செத்துட்டாக, அதுல ஒரு பொம்பள யாருன்னு தெரியலைன்னாக. நான் பூக் கட்டிக்கிட்டு இருந்தேன். யாரு பெத்த புள்ளையோ, பாவம்னு சொன்னேன். சொல்லிப்புட்டு நாடகத்துக்கு மாத்திட்டேன். மூணு வாரம் அவ அங்கன கெடந்தா. நான் தெனமும் நாடகம் பாத்தேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். வக்கீல்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகலை என் மடியில் வைத்தார். “சத்தமாப் படி தாயி” என்றார்.

“உங்க மக பேரையா?”

“அம்புட்டுப் பேரையும் படி. மத்தவுக ஆளுக இன்னைக்கு வரலேல்ல.”

முதலிலிருந்து படித்தேன். மாணவன், டீக்கடைக்காரர், கீரனூர்க் கணவன், மனைவி. ஐந்தாவதாக அவர் மகள் பெயரைப் படித்துவிட்டு நிறுத்தினேன்.

“மூணு தடவ” என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, டவாலி கூப்பிடுவது போல உரக்கக் கூப்பிட்டேன். அவர் எழுந்து நின்றார்.